மூவர்ணக் கொடி: சொல்லும் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்பதால், ஆகஸ்டு மாதமும் ஜனவரி மாதமும் நெருங்கும்போது மாணவர்களும் பெற்றோரும் கொடியைப் பற்றி என்னிடம் கேள்விகள் கேட்பது வழக்கம். அவற்றைத் தொடர்ந்து குறித்து வைத்துப் பார்த்ததில், பெரும்பாலான கேள்விகள் கொடித்துணியைப் பற்றியவை அல்ல, "மூவர்ணம்" என்ற சொல்லைப் பற்றியவை என்பது தெரிந்தது. அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மூவர்ணக் கொடி என்பதன் நேர்ப்பொருள் என்ன?

மூன்று நிறங்களைக் கொண்ட கொடி என்பதே அதன் நேர்ப்பொருள். எந்த மூன்று நிறங்கள் என்றோ, அவை கிடையாக அமைய வேண்டுமா நெடுக்காக அமைய வேண்டுமா என்றோ இச்சொல் எதுவும் கூறுவதில்லை. அது எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. ஆயினும் இன்று தமிழில் அடைமொழி இல்லாமல் "மூவர்ணக் கொடி" என்று எழுதினால், படிப்பவர் எவரும் இந்திய நாட்டுக் கொடியையே நினைக்கிறார்கள். பொதுப்பெயராகப் பிறந்த சொல் ஒன்று, வழக்கின் வலிமையால் ஏறக்குறைய சிறப்புப்பெயராகிவிட்டது என்பதுதான் இச்சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பின்வரும் விடைகளில் பல அந்தப் பயணத்தை ஒட்டியே அமைந்தவை.

"மூன்று" என்பது ஏன் "மூ" என்று குறைகிறது?

எண்ணுப்பெயர்கள் வேறொரு சொல்லோடு சேரும்போது உருமாறுவது தமிழின் பழைய இயல்பு. "மூன்று" என்பதன் கடைசி எழுத்துகள் மறைந்து, வரும் சொல்லின் முதல் எழுத்துக்கு ஏற்ப எஞ்சிய பகுதி நெடிலாகவே நிற்கும் அல்லது குறிலாகும். மூவேந்தர், மூவாயிரம், மூவுலகு ஆகியவற்றில் அது நெடிலாக நிற்கிறது. முக்கனி, முத்தமிழ், முப்பது, மும்மாரி, முந்நூறு ஆகியவற்றில் குறிலாகி, அடுத்து ஓர் ஒற்றையும் பெறுகிறது. வகரத்தில் தொடங்கும் சொற்களின் முன் இரண்டு வடிவங்களும் வழங்கியிருக்கின்றன. அதனால்தான் "மூவகை" என்றும் "முவ்வகை" என்றும் நூல்களில் காண்கிறோம். "மூவர்ணம்" முதல் வடிவத்தைப் பின்பற்றியது.

"மூன்று வர்ணக் கொடி" என்று சொல்வதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது நிறங்களை எண்ணிச் சொல்லும் தொடராகவே நின்றுவிடுகிறது. "மூவர்ணம்" என்பதோ மூவேந்தரைப் போல, முக்கனியைப் போல, மூன்றையும் ஒரு தொகுதியாகக் கட்டித் தருகிறது. முக்கனி என்றால் ஏதாவது மூன்று பழங்கள் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. மா, பலா, வாழை என்ற குறிப்பிட்ட மூன்றையே கொள்கிறோம். "மூவர்ணம்" என்பது ஒரு குறிப்பிட்ட கொடிக்கு உரியதாகச் சுருங்கியதற்கு, சொல்லின் இந்த அமைப்பும் துணைசெய்தது என்றே நான் கருதுகிறேன்.

வர்ணம், வண்ணம், நிறம்: இவற்றில் எது தமிழ்?

"நிறம்" ஐயத்துக்கு இடமில்லாத தமிழ்ச்சொல். சங்க இலக்கியத்தில் அதற்கு மார்பு என்ற பொருளும் உண்டு. வீரனின் நிறத்தில் வேல் பாய்ந்தது என்று வந்தால், அங்கே நிறம் என்பது மார்பைக் குறிக்கும். "வர்ணம்" வடமொழிச் சொல். "வண்ணம்" என்பது அவ்வடசொல் பாகத மொழிகளில் "வண்ண" என்று மென்மையடைந்து தமிழுக்கு வந்த வடிவம் என்பது பரவலான கருத்து. தமிழ் வேரிலிருந்தே அது தோன்றியது என்று கொள்வோரும் உண்டு. எவ்வாறாயினும் அது தமிழில் வேரூன்றிய காலம் மிகப் பழையது. தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களைக் கூறும்போது, அங்கே வண்ணம் நிறத்தைக் குறிக்கவில்லை, பாட்டின் ஓசை வகையைக் குறிக்கிறது.

வடமொழியில் "வர்ணம்" என்பது மூடுதல், போர்த்துதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். ஆங்கிலத்தில் "கலர்" என்று வழங்கும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லும் மறைத்தல், மூடுதல் என்ற பொருளுடைய வேறொரு வேரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஒரு பொருளின் மேல் போர்த்தியிருப்பதே அதன் நிறம் என்ற எண்ணம் தொலைவில் வாழ்ந்த இரு மொழியாருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. மார்கழிக் காலையில் உறைபனி போர்த்திய உதகைப் புல்வெளி வெள்ளையாகி, வெயில் ஏறியதும் மீண்டும் பச்சையாவதைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் விளங்கும்.

அப்படியானால் "முந்நிறக் கொடி" என்று எழுதுவதுதான் சரியா?

சரியான சொல்தான், முந்நூறு, முந்நீர் போல இலக்கண முறைப்படி அமைந்தது. "மூவண்ணக் கொடி" என்பதும் நல்ல வடிவம், வழக்கிலும் உள்ளது. தனித்தமிழில் எழுத விரும்பும் மாணவரை நான் தடுப்பதில்லை. ஆயினும் "மூவர்ணம்" என்ற சொல்லோடு விடுதலைப் போராட்டக் காலத்து நினைவுகள் ஒட்டியிருக்கின்றன. அந்த நினைவுகளை வேறொரு சொல்லுக்கு உடனே மாற்றிவிட முடியாது என்பதையும் அவர்களுக்குச் சொல்வேன்.

"டிரைகலர்" என்ற சொல் எங்கே பிறந்தது?

இலத்தீனில் "டிரி" என்றால் மூன்று, "கொலோர்" என்றால் நிறம். இரண்டும் சேர்ந்த "டிரிகொலோர்" என்பது மூன்று நிறமுடையது என்ற பொருள்தரும் அடைச்சொல். அது பிரெஞ்சில் "திரிகொலோர்" ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் "டிரைகலர்" ஆனது. நம்மிடம் உள்ள "திரி" (திரிசூலம், திரிகடுகம்) வடமொழி வழியாக வந்தது. அதுவும் இலத்தீன் "டிரி"யும் ஒரே மொழிக் குடும்பத்தின் உறவுச்சொற்கள். தமிழ் "மூ" அக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. ஆகவே "மூவர்ணம்" என்பது தமிழ் எண்ணும் வடமொழி நிறமும் சேர்ந்த கலப்புச் சொல். அப்படி இருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

கொடிகளுக்கு முன்பே இந்த இலத்தீன் சொல் பூக்களுக்கும் செடிகளுக்கும் உரியதாக இருந்தது என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் "வயோலா டிரிகொலோர்" என்ற பூச்செடிக்கும், "அமராந்தஸ் டிரிகொலோர்" என்ற கீரைச்செடிக்கும் இப்பெயரையே சூட்டினார். முதலாவது, உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சியில் குழந்தைகள் "முகம் வைத்த பூ" என்று சொல்லி நின்று பார்க்கும் பேன்சிப் பூவின் மூதாதைகளில் ஒன்று. இரண்டாவது நம் தண்டுக்கீரையின் உறவு. பிரெஞ்சுக் கொடி சட்டமாவதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே, ஊதாவும் மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரு சிறு பூ இப்பெயரைத் தாங்கியிருந்தது.

பூவுக்கு உரிய சொல் கொடிக்கு எப்படி வந்தது?

பிரெஞ்சுப் புரட்சியின் வழியாக வந்தது. 1789-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் பாரிசின் பாஸ்தீய் சிறைக்கோட்டை வீழ்ந்தது. அந்நாட்களில் பாரிசு மக்கள் தங்கள் நகரத்தின் நிறங்களான நீலத்தையும் சிவப்பையும் நாடாப்பூவாகத் தொப்பியில் அணிந்தனர். அவற்றின் நடுவே அரசகுலத்தின் வெள்ளை சேர்க்கப்பட்டது. நகரக் காவற்படையின் தலைவரான லஃபயெத் அதைச் செய்ததாகக் கூறுவர். மக்களின் இரு நிறங்களும் மன்னனின் ஒரு நிறமும் ஒன்றாகி மூன்றாயின. 1794-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், மூன்று சமமான நெடுக்குப் பட்டைகளையும் கம்பத்தை ஒட்டி நீலத்தையும் உடைய கொடி சட்டப்படி பிரான்சின் கொடியானது. 1815-இல் பழைய அரசமரபு திரும்பியபோது அது அகற்றப்பட்டது. 1830-இல் மீண்டும் ஏறியது. ஒரு கொடியைத் தடைசெய்வதும் மீண்டும் ஏற்றுவதுமாக அந்நாடு கழித்த ஆண்டுகளில், "மூன்று நிறம்" என்ற சொல்லே மன்னராட்சிக்கு எதிரான குடியாட்சியின் மறுபெயராயிற்று.

அதன்பின் அது நாடுதோறும் பரவியது. இத்தாலியில் 1797-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடி ஏற்கப்பட்டது. இத்தாலியர் இன்றும் தங்கள் கொடியைத் "திரிகொலோரே" என்றே அழைக்கின்றனர். அயர்லாந்தில் 1848-இல் தாமஸ் பிரான்சிஸ் மீகர் பச்சை, வெள்ளை, ஆரஞ்சுக் கொடியை அறிமுகப்படுத்தி, பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் உரிய இரு பிரிவினரிடையே நிலையான அமைதியை நடுவிலுள்ள வெள்ளை குறிக்கிறது என்று விளக்கினார். பட்டைக் கொடி பிரான்சின் கண்டுபிடிப்பு அன்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டச்சுக்காரர்கள் ஸ்பெயினுக்கு எதிரான தங்கள் போராட்டத்தில் ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடியைப் பறக்கவிட்டனர். ஆனால் அந்த வகைக் கொடிக்கு உலகறிந்த பெயரைப் பெற்றுத் தந்தது பிரான்சுதான்.

பழந்தமிழரிடம் மூவர்ணக் கொடி இருந்ததா?

கொடிகள் ஏராளமாக இருந்தன; நிறத்தை எண்ணிப் பெயர்பெற்ற கொடி அவற்றில் இல்லை. சேரனுக்கு விற்கொடி, சோழனுக்குப் புலிக்கொடி, பாண்டியனுக்கு மீன்கொடி. முருகனுக்குச் சேவற்கொடி, திருமாலுக்குக் கருடக்கொடி, சிவனுக்கும் பல்லவருக்கும் இடபக்கொடி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வரிசையாகப் பாடுகிறது. தெய்வத்துக்காக ஏற்றிய கொடி, வாதுக்கு அழைத்துக் கற்றோர் நாட்டிய கொடி, துறைமுகத்துக் கப்பல்களின் கொடி, கள்விற்கும் இடத்தின் கொடி என்று ஒவ்வொன்றும் எதற்காகப் பறந்தது என்பதை அப்பாட்டிலிருந்து அறிகிறோம்.

இவற்றில் கொடியை அடையாளம் காட்டியது அதன்மேல் பொறித்த உருவம் அல்லது அது நின்ற இடம். துணியின் நிறம் பெயருக்கு உரியதாகவில்லை. ஒரு கொடியை "இத்தனை நிறமுடையது" என்று எண்ணி அழைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிது. அந்தப் புதிய வழக்கத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, புலியும் மீனும் நின்ற இடத்தில் "மூவர்ணம்" வந்து நின்றது. உருவத்தைப் பெயராகக் கொண்ட மரபிலிருந்து எண்ணைப் பெயராகக் கொண்ட மரபுக்கு நாம் மாறிய தடம் இந்த ஒரே சொல்லில் தெரிகிறது.

"கொடி" என்ற சொல்லுக்கும் படரும் கொடிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே கருத வேண்டும். மெலிந்து நீண்டு அசைவது எதுவோ அது கொடி: அவரைக்கொடி, தொப்புள்கொடி, துணி உலர்த்தும் கொடி. காற்றில் அசையும் துணிக்கும் அப்பெயர் பொருந்தியது. வடமொழியிலிருந்து வந்த பதாகை, துவசம், கேதனம் ஆகியவை செய்யுளில் வழங்கின. பதாகை இன்று விளம்பரத் துணியைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது.

பாரதியார் பாடிய மணிக்கொடி மூவர்ணக் கொடிதானா?

இல்லை. பள்ளி விழாக்களில் "தாயின் மணிக்கொடி" பாட்டைப் பாடிக்கொண்டே மூவர்ணத்தை ஏற்றுவதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ஏற்படுகிறது. அப்பாட்டில் வரும் கொடியில் வந்தே மாதரம் என்ற எழுத்தும், இந்திரனின் வச்சிரமும், பிறையும் உள்ளன. மூன்று பட்டைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. விடுதலை இயக்கத்தின் தொடக்கக் கால எண்ணங்களோடு ஒத்துப்போகும் கொடி அது. பாரதியார் 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். காவியும் வெள்ளையும் பச்சையும் கொண்ட கொடி அதற்குப் பத்தாண்டுகள் கழித்தே உறுதியானது. அவர் கண்ட கொடி பொறியால் பேசிய கொடி; நம் பழைய மரபுக்கு அது நெருக்கமானது.

நம் நாட்டுக் கொடி எப்போது மூன்று வர்ணம் ஆயிற்று?

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தாவில் ஏற்றப்பட்டதாகக் கூறப்படும் கொடியிலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று கிடைப்பட்டைகள் இருந்தன. ஆனால் இன்றைய கொடிக்கு நேர் முன்னோடி 1921-இல் தோன்றியது. அவ்வாண்டு பெசவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்தியக் காங்கிரஸ் குழு கூடியபோது பிங்கலி வெங்கையா என்ற ஆந்திரர் சிவப்பும் பச்சையும் கொண்ட கொடி ஒன்றைக் காந்தியடிகளிடம் காட்டினார். பிற சமூகத்தாருக்காக வெள்ளையையும், முன்னேற்றத்தின் அடையாளமாக இராட்டையையும் சேர்க்குமாறு காந்தியடிகள் கூறினார். பாரிசில் நிகழ்ந்ததைப் போலவே இங்கும் இரண்டு நிறங்களோடு வெள்ளை வந்து சேர்ந்ததால் மூன்றாயிற்று என்பதை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

1931-இல் சிவப்புக்குப் பதிலாகக் காவி வந்து, காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையும் நடுவில் இராட்டையும் முடிவாயின. நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்பதும் அப்போதே தெளிவாக்கப்பட்டது. 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் குமரன் கைவிடாத கொடி இந்த வரிசையைச் சேர்ந்தது. அவரை நாம் "கொடி காத்த குமரன்" என்று அழைக்கிறோம். 1947-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் நேரு முன்மொழிய, அரசியல் நிர்ணய சபை இராட்டைக்குப் பதில் சாரநாத் தூணின் சக்கரத்தை ஏற்றுக்கொண்டு இன்றைய கொடியை நாட்டுக் கொடியாக்கியது. அத்தீர்மானத்தின் ஆங்கில வாசகத்திலேயே "கிடையான டிரைகலர்" என்ற சொல் இருக்கிறது. ஆகவே "மூவர்ணம்" வெறும் செல்லப்பெயர் அன்று. கொடியைப் படைத்த தீர்மானத்தின் சொல்லுக்கு நேரான தமிழ்.

சக்கரத்தையும் சேர்த்தால் நான்கு நிறங்கள் ஆயிற்றே?

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது இது, நல்ல கேள்வி. "மூவர்ணம்" என்ற பெயர் கொடியின் பட்டைகளை மட்டும் எண்ணுகிறது. அவற்றின்மேல் பொறித்த சின்னத்தை எண்ணுவதில்லை. மெக்சிகோ நாட்டுக் கொடியின் நடுவிலுள்ள கழுகுப் பொறியில் பல நிறங்கள் இருந்தாலும், அதையும் பச்சை, வெள்ளை, சிவப்பு என்ற மூன்று நிறக் கொடியாகவே கொள்கின்றனர். துணி வேறு, பொறி வேறு என்று பிரித்துக் காண்பதால் கணக்கு மூன்றிலேயே நிற்கிறது.

24 ஆரங்களைக் கொண்ட அந்தச் சக்கரத்தின் நிறம் கருநீலம். அந்த மாணவியிடம் இன்னொன்றும் சொன்னேன்: பெயரில் எண்ணப்படாத அந்த நான்காவது நிறம் நம் மலையின் பெயரில் இருக்கிறது. நீலம் என்ற சொல் பழைய நூல்களில் நீலத்தையும் கருமையையும் சேர்த்தே குறித்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது மேட்டுப்பாளையத்துக்கு மேலே எழும் மலைத்தொடரின் நிறமும் அந்தக் கருநீலம்தான்.

முதல் பட்டையைக் "காவி" என்பது சரியா?

1947-ஆம் ஆண்டுத் தீர்மானம் அதை அடர்ந்த குங்குமப்பூ நிறம் என்று கூறி, "கேசரி" என்ற சொல்லையும் தருகிறது. கேசரம் என்றால் பூவின் நடுவிலுள்ள தாது இழை. குங்குமப்பூ என்று நாம் வாங்குவது ஒரு பூவின் நடுவிலிருந்து எடுத்த இழைகளையே. நாம் கிண்டும் கேசரியின் பெயரும் அந்த நிறத்திலிருந்து வந்ததுதான். "காவி" என்பது வேறு; காவிக்கல்லிலிருந்து கிடைக்கும் செம்மண் சாயம் அது. துறவியர் ஆடையின் நிறமாக அது நமக்குப் பழக்கமானதால், கொடியின் முதல் பட்டைக்கும் அச்சொல்லே நிலைத்தது. திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் அரசியல் நிர்ணய சபையில் கொடியை விளக்கியபோது அந்நிறத்தைப் பற்றின்மைக்கும், வெள்ளையை ஒளிக்கும் வாய்மை வழிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும் உரியனவாகக் கூறினார். பற்றின்மை என்ற அந்தப் பொருளுக்குக் காவி என்ற தமிழ்ச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் துணியை வாங்கும்போதும் சுவரில் தீட்டும்போதும் செம்மண் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

இந்தியில் சொல்லும் "திரங்கா"வுக்கும் இதே பொருளா?

ஆம். அதில் முதலில் உள்ள "தி" என்பது மூன்று. "ரங்" என்பது நிறம். இந்த "தி" நம் வீடுகளிலும் இருக்கிறது என்றால் நம்பச் சிலர் தயங்குகிறார்கள். கூடத்தில் போட்டு வைக்கும் சிறிய மேசையை "டீப்பாய்" என்கிறோமே, அது "திபாய்" என்ற இந்துஸ்தானிச் சொல்; மூன்று கால்களை உடையது என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் அது தேநீரோடு இணைந்து உருமாறியது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில் அதைத் தேநீர் வைக்கும் மேசை என்று எல்லோரும் எண்ணுவது இயல்பே. தமிழில் அதற்கு நேரான சொல் முக்காலி. டீப்பாய்க்கு முக்காலி எப்படியோ, திரங்காவுக்கு மூவர்ணம் அப்படி.

கூடலூர்ப் பக்கத்தில் வேறு விதமாகச் சொல்கிறார்களே?

கேரளமும் கருநாடகமும் தமிழகத்தோடு சந்திக்கும் பகுதி கூடலூர், பந்தலூர் வட்டாரம். அங்கே ஒரே விழாவில் மூன்று மொழிப் பெயர்களையும் கேட்கலாம். மலையாளத்தில் "திரிவர்ண பதாக" என்பது பெருவழக்கு. "மூவர்ணக்கொடி" என்று நம்மைப் போலவே சொல்வதும் உண்டு. கன்னடத்தில் "திரிவர்ண த்வஜ". சற்றுத் தொலைவிலுள்ள தெலுங்கில் "முவ்வன்னெல ஜெண்டா" என்கிறார்கள். அதிலுள்ள "முவ்" நம் "முவ்வகை"யில் உள்ள அதே மூன்றுதான், "வன்னெ" என்பது வண்ணத்தின் உறவு. கன்னடம் எண்ணையும் நிறத்தையும் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. தெலுங்கும் தமிழும் எண்ணைத் தம்முடையதாகவே வைத்துக்கொண்டன. மலையாளம் இரண்டு வழியிலும் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து மொழிகள் ஒரே பொருளுக்குப் பெயரிடும்போது எதைக் கடன் வாங்கின, எதைக் கைவிடவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தோடர் சால்வையும் மூன்று நிறம்தானே, அதையும் மூவர்ணம் எனலாமா?

சொற்பொருள்படி எனலாம், வழக்கின்படி எவரும் சொல்வதில்லை. தோடர் மக்களின் பூத்துக்குளி என்னும் போர்வையில், வெள்ளைப் பருத்தித் துணியின்மேல் சிவப்பு நூலாலும் கருப்பு நூலாலும் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கலை அது. மூன்று நிறங்கள் அங்கே உள்ளன. ஆனால் அந்நிறங்கள் சமமான பட்டைகளாக நிற்பதில்லை, கோலங்களாகப் பின்னிக்கிடக்கின்றன. அதற்கென்று அம்மக்களின் மொழியிலேயே பெயர் இருக்கும்போது, நாம் புதிதாகப் பெயர் சூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

பட்டைகள் ஏன் இரண்டாகவோ ஐந்தாகவோ இல்லாமல் மூன்றாக உள்ளன?

இரண்டும் ஐந்தும் உள்ள கொடிகள் உண்டு. 1917-இல் தன்னாட்சி இயக்கத்தின் கொடியில் சிவப்பும் பச்சையுமாக ஒன்பது பட்டைகள் இருந்தன. ஆனால் கொடி என்பது தொலைவிலிருந்து கண்டுகொள்ள வேண்டிய பொருள். பட்டைகள் பெருகினால் தூரத்தில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டே நிறங்கள் என்றால் வேறுபட்ட கொடிகளை மிகுதியாக உருவாக்க முடியாது. மூன்றில் அடர்ந்த இரு நிறங்களுக்கு நடுவே வெள்ளையோ மஞ்சளோ போன்ற வெளிர் நிறத்தை வைத்தால் இரண்டும் தனித்தனியே துலங்கும்.

இதை எங்கள் மலையில் ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் கண்ணால் காண்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்றின் காலம் அது. கொடி ஏறும் நேரத்தில் மைதானம் முழுவதும் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும். முதலில் கம்பம் மறையும், பிறகு கொடியின் பச்சை பின்னாலுள்ள சில்வர் ஓக் மரங்களோடு கலந்துவிடும். வெள்ளைப் பட்டை மூட்டத்தில் கரைந்து, காவி மட்டும் தனியே மிதப்பதுபோல் தெரியும். மூட்டம் சற்று விலகியதும் மூன்றும் ஒருசேரத் திரும்பி வரும். நடுவிலுள்ள வெள்ளை இல்லாவிட்டால் காவியும் பச்சையும் ஒட்டிப்போய் மங்கலாகவே தெரியும் என்பதை அந்த நேரத்தில் எவரும் உணரலாம்.

பிற நாட்டுக் கொடிகளையும் மூவர்ணக் கொடி என்று எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், நாட்டின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். "பிரான்சின் மூவர்ணக் கொடி", "அயர்லாந்தின் மூவர்ணக் கொடி" என்பவை பிழையற்றவை. பிரெஞ்சு மூவர்ணம் தமிழருக்கு அயலானதும் அன்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறும் வரை நீலம், வெள்ளை, சிவப்புக் கொடியே பறந்தது. தமிழ் மண்ணில் ஒரு மூவர்ணம் இறங்கி மற்றொரு மூவர்ணம் ஏறிய நாள் அது. இந்தச் செய்தியைச் சொல்லாமல் இச்சொல்லின் பொருளை முழுமையாகக் கற்பிக்க முடியாது என்பது என் கருத்து.

நிறங்கள் ஒத்திருப்பதால் குழப்பம் நேரும் இடங்களும் உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் கொடி ஆரஞ்சு, வெள்ளை, பச்சை வரிசையில் நடுவே ஆரஞ்சு வட்டத்தோடு இருக்கும். சக்கரத்தை உற்றுப் பார்க்காதவர் அதை நம் கொடி என்றே எண்ணக்கூடும்.

காங்கிரஸ் கொடியையும் மூவர்ணக் கொடி என்கிறார்களே?

நிறங்கள் ஒன்றே, நடுவில் கைச்சின்னம் இருப்பது கட்சிக் கொடி, சக்கரம் இருப்பது நாட்டுக் கொடி. கருப்பும் சிவப்பும் கொண்ட தி.மு.க. கொடியை "இருவண்ணக் கொடி" என்று அழைப்பதும் இதே எண்ணும் முறையில் அமைந்தது.

"மூவர்ணம் பறந்தது" என்று கொடி என்ற சொல்லே இல்லாமல் எழுதலாமா?

எழுதலாம். "வெள்ளை அடித்தான்" என்றால் வெள்ளை நிறமுடைய சுண்ணாம்பை அடித்தான் என்று பொருள். நிறத்தின் பெயர் நிறமுடைய பொருளுக்கு ஆகிவருவது பண்பாகுபெயர். "மூவர்ணம்" தனியே நின்று கொடியைக் குறிப்பதும் அவ்வாறே.

எழுதும்போது கவனிக்க வேண்டிய பிழைகள் எவை?

"மூவர்ண கொடி" என்று ஒற்று இல்லாமல் எழுதுவதே மிகுதியாகக் காணும் பிழை. மூவர்ணம் என்பதன் ஈற்றிலுள்ள மகரம் மறைந்து, அடுத்துவரும் ககரம் மிகும். மரம் என்பதும் கிளை என்பதும் சேர்ந்து மரக்கிளை ஆவதைப் போல, மூவர்ணக் கொடி என்றே எழுத வேண்டும். இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் அந்த ஒற்று வேண்டும். "மூவர்னம்" என்று றன்னகரத்தில் எழுதுவதும் தவறு. வண்ணத்தில் உள்ள டண்ணகரமே இங்கும் வரும். ஒருமுறை விழாவுக்கென அச்சிட்டு வந்த பெரிய பதாகையில் இவ்விரு பிழைகளும் சேர்ந்தே இருந்தன. மறுபடி அச்சிட நேரம் இல்லாததால், பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருவர் வெள்ளைத் தாளில் "ர்ணக்" என்று எழுதி, மழைக்கு முன்பாக அந்த இடத்தில் ஒட்டினார்கள்.